கை தட்டினால் எழும்பும் மாமா

தன்னை அறிவாளி என்று நம்புகிற மருமகனைவிட ஒரு வீட்டுக்கு ஆபத்தான பொருள் வேறு கிடையாது. காஸ் சிலிண்டர்கூட அதற்கு அடுத்த இடம்தான். பயமாக இருந்தால் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிடலாம். மருமகனை வைக்க முடியாது, அவருக்கு விசிறி வேண்டும், தேத்தண்ணி வேண்டும். நான் அப்படியொரு பொருளாகப் பள்ளிவாசல்துறையில் ஒரு வீட்டுக்குள் போய் இறங்கினேன். அந்த வீட்டில் ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நான் செய்த காரியத்தை நானே எழுதிவிடுவது நல்லது. என் மனைவி ஷிபானா சொல்லக் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் ஆட்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நான் பிறந்து வளர்ந்தது தில்லையடி. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். தில்லையடியில் எனக்கு ஒரு போன் திருத்துகிற கடை இருக்கிறது. 'செத்த போனை எழுப்புகிற நிஸ்தார்' என்று அந்தப் பக்கத்தில் என்னைச் சொல்வார்கள். (இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் என் உம்மா.) அந்தப் பெயரை நம்பித்தான் பெண் கொடுத்தார்கள்.

மாமா, அதாவது ஷிபானாவின் வாப்பா, கருவாட்டு வியாபாரி. உடம்பு பெரிது, குரல் சின்னது. கருவாட்டு வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து தன்னை எவனும் ஏமாற்றியதில்லை என்று தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் சொல்வார். மாமி கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுதான் என்னோடு கதைப்பார். புது மருமகனுக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை முழுவதையும் நான் ஒரு வருடத்துக்குள் தின்று முடித்தேன்.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன காலம் அது. கல்பிட்டி றோட்டில் பஸ் வந்தால் அது ஒரு செய்தி. என் மோட்டர் சைக்கிளில் மணத்துக்குக்கூடப் பெற்றோல் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் கிடந்தேன். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மீன் வராததால் மாமாவின் கருவாட்டுப் பரண்கள் வெறும் வலையோடு வெயிலில் காய்ந்தன. சின்ன வீடு, அதற்குள் வேலையில்லாத இரண்டு ஆண்கள். பசிக்கிறது என்பதைத் தவிர எங்கள் இருவரிடமும் சொல்ல ஒரு புதினமும் இருக்கவில்லை. பெண்கள் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை, மர்மப் படம். பாட்டு வந்தால் ஓடவிடுவார், சண்டை வந்தாலும் ஓடவிடுவார், கொலையை மட்டும் நிதானமாகப் பார்ப்பார். நான் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்த முதல் படத்தின் ஆரம்பத்திலேயே, "கொலைகாரன் அந்த டொக்டர்தான் மாமா" என்று சொல்லிவிட்டேன். டொக்டர்தான். தன் வீட்டில், தன் ரீவியில், நேற்று வந்த மருமகன் தன்னை முந்திவிட்டதை மாமாவால் தாங்க முடியவில்லை. அன்று சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார். நான் இரண்டாம் தரம் போட்டுத் தின்றேன்.

எங்களைக் கெடுத்த படம் அதற்குப் பிறகு வந்தது. தமிழில் குரல் கொடுத்த ஏதோ வெளிநாட்டுப் படம். இரண்டு கிழட்டு வைர வியாபாரிகள். பல வருடப் பகையாளிகள். மழைக்குள் ஒரு பெரிய பங்களாவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வைரம் காணாமல் போயிருக்கிறது. மற்றவனைப் பதறவைத்து உண்மையைக் கக்கவைப்பதற்காக ஒருவன் செத்த மாதிரி விழுவான். மற்றவன் பதறவே மாட்டான். கதிரையில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கை தட்டுவான். விழுந்தவன் எழும்பி உடுப்பைத் தட்டிவிட்டு, ஒரு விரலைத் தூக்கி, "உனக்கு ஒன்று" என்பான். பிறகு இவன் விழுவான், அவன் கை தட்டுவான். மாமா படத்தை ஓரிடத்திலும் ஓடவிடவில்லை. கடைசியில் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மற்றவன் கை தட்டத் தொடங்கினான். விழுந்தவன் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டை வெட்டினார்கள்.

"எழும்புவான்" என்றேன் நான்.

"பாப்பம் மருமகன்" என்றார் மாமா.

மறுநாள் நான் பெற்றோல் ஷெட் வரிசையில் நிற்கும்போது, மாமா மிச்சத்தைத் தனியாகப் பார்த்து முடித்துவிட்டார். பென் டிரைவையும் எங்கேயோ ஒளித்துவிட்டார். முடிவைக் கேட்டால், "நீங்கதானே அறிவாளி, யோசிங்களேன்" என்பார். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எழும்பியிருப்பான். ஒவ்வொரு தடவையும் எழும்பினவன் அந்தத் தடவை மட்டும் ஏன் படுத்துக்கிடக்கப் போகிறான்?

அந்தக் கிழமையே ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் சட்டம் இருந்தது. ஒருவன் நடிக்க வேண்டும். மற்றவன் கண்டுபிடித்தால் கை தட்ட வேண்டும், நடித்தவன் எழும்பிவிட வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் நடித்தவனே கை தட்டித் தன் வெற்றியை அறிவிக்கலாம். வென்றவனுக்கு ஒரு விரல். எவ்வளவு பெரிய மனிதர்கள் பாருங்கள்.

முதல் ஆட்டம் மாமாவுடையது. கடற்கரையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து, கெளுத்தி மீன் முள் ஏறிவிட்டது, காலை ஊன்ற ஏலாது என்றார். முகமெல்லாம் வேதனை. நான் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மணலுக்குள் றோட்டை நோக்கி நடந்தேன். (மாமாவின் உடம்பு பெரிது என்று முன்பே சொன்னேன். என்னுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லுமளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது.) றோட்டுக் கரையை அடைந்து மூச்சுக்குத் திணறும்போது என் காதுக்குப் பின்னால் கை தட்டும் சத்தம் கேட்டது. ஒரு விரல் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இடுப்பு எனக்கு இன்னும் மழை நாட்களில் வலிக்கிறது.

பழிக்குப் பழியாக நான் கட்டாருக்குப் போனேன். அதாவது, விசா வந்துவிட்டது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். வீட்டுக்குள் முடிய வேண்டிய ஆட்டம் அது. ஆனால் மாமா கேட்ட கையோடு எழும்பிப் பள்ளிவாசலடிக்குப் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு பயணம் அனுப்ப ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கையில் ஏதாவது கொண்டு வந்தார்கள், மாவில்லாத அந்த நாளில் மாப்பலகாரம்கூட வந்தது. மாமி திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினார். மாமா தன் பழைய சூட்கேசைத் துடைத்து என் கட்டிலில் வைத்துவிட்டு, "எங்கட புள்ளைய மறந்துடாதீங்க மருமகன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்த அந்த நிமிடத்தில்தான் நான் கை தட்டினேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு விரலையும் தூக்கிக் காட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஓட்டோ வைத்திருக்கிற ரிஸ்வான் நானா மட்டும், தான் கொண்டு வந்த பலகாரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயர் 'கட்டார் மருமகன்'. செத்த போனை எழுப்புகிறவன் என்ற பெயர் அதோடு செத்துப்போனது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது.

நான் குளித்து, வெள்ளை உடுத்து, அத்தர் பூசி, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டு நின்றேன். மாமா பின்வளவில் பரணுக்குப் பக்கத்தில், கிடுகு நிழலில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவரும் உடுத்தியிருந்தார், தொப்பி மட்டும் மடியில் கிடந்தது.

"மருமகன், நெஞ்சு ஒரு மாதிரி நோகுது" என்றார்.

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது வேலை செய்யாமல் இருந்த நாட்களில் இந்த வீட்டில் ஒரு தீங்கும் நடந்ததில்லை.) நெற்றியில் வேர்வை. பக்கத்தில் தண்ணீர்ப் பைப். ஆகவே தண்ணீரைப் பூசியது. கை நெஞ்சில். படத்திலும் அப்படியே. கட்டார் விடயத்துக்குப் பிறகு அவர் பழி தீர்க்க வேண்டிய முறை. எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது.

"வேர்வை கொஞ்சம் கூடிப்போச்சி மாமா" என்றேன்.

அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். கதிரை சரிந்தது. ஆள் மணலில் பக்கவாட்டாக விழுந்து கிடந்தார். நான் கை தட்டினேன். மெதுவாக, படத்தில் வருகிற மாதிரியே, ஒரு தாளத்தோடு. மாமா எழும்பவில்லை. பலமாகத் தட்டினேன். சத்தம் கேட்டுக் குசினி வாசல் திரைவரைக்கும் மாமியும் ஷிபானாவும் ஓடி வந்தார்கள்.

"பயப்படாதீங்க மாமி. மாமா படம் காட்டுறார்" என்றேன். "பக்கத்துல போனா இன்னும் கனநேரம் கிடப்பார். நான் போன உடனே எழும்பி, குறுக்கு ஒழுங்கையால எனக்கு முந்திப் பள்ளிக்கு வந்திடுவார் பாருங்க."

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது, என்மேல் அல்ல, மாமாமேல். "ஜும்ஆ நேரத்துல என்ன வெளாட்டு இது, வெக்கமில்லியா இந்த மனிசனுக்கு" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கத் திரும்பிப் போனார். நான் சொன்னதை நம்பித்தான் போனார். இன்றுவரைக்கும் என்னைக் குத்துவது அதுதான்.

மாமா வலது கையை மணலிலிருந்து கொஞ்சம் தூக்கினார். சுட்டுவிரல் மட்டும் நீண்டிருந்தது.

"சரி மாமா, எனக்கு ஒண்டு" என்று சொல்லிவிட்டு நான் பள்ளிக்கு நடந்தேன்.

நான் போய் உட்காரவும் மௌலவி மிம்பர் மேடையில் ஏறவும் சரியாக இருந்தது. முன்வரிசையில், இடது பக்க விசிறிக்குக் கீழே, மாமாவின் இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மழையென்றாலும் காய்ச்சல் என்றாலும் மாமா அங்கே இருப்பார். மூத்த மகள் பிறந்த வெள்ளிக்கிழமையும் அங்கேதான் இருந்தார் என்று மாமி இன்னும் குறை சொல்வார். நான் குறுக்கு ஒழுங்கைப் பக்கத்து வாசலையே பார்த்தேன். இப்போது வருவார். செருப்பைக் கழற்றுவார். என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

மௌலவி குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கி, அல்லாஹ் ஒருவனே என்று கலிமா சொல்லும்போது சுட்டுவிரலை உயர்த்தினார்.

மாமா கெளுத்தி முள்ளை வைத்து விளையாடுவார், வேதனையை வைத்து விளையாடுவார், எதை வைத்தும் விளையாடுவார். ஜும்ஆவை வைத்து விளையாட மாட்டார். இதைக் கண்டுபிடிக்க ஒரு அறிவாளி தேவையில்லை. அந்தப் பள்ளியில் இருந்த எந்த முட்டாளைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். மணலில் நீண்ட அந்த விரல் ஆட்டக் கணக்குச் சொல்லவில்லை. சாகிற நேரத்தில் சொல்கிற கலிமாவை அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

எழும்பினேன். தோள்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வந்தேன். வந்த பிறகுதான் அடுத்த விடயம் உறைத்தது. என் மோட்டர் சைக்கிள் வெறும் இரும்பு. ஊரில் வாகனம் வைத்திருக்கிற அத்தனை ஆண்களும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். பெற்றோல் இருப்பது ரிஸ்வான் நானாவின் ஓட்டோவில் மட்டும். குத்பா நடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து ஆளைப் பார்த்து 'பேசாதே' என்று சொல்வதுகூடப் பேச்சுத்தான், நன்மை போய்விடும்.

ஆகவே நான் கதவடியில் நின்று ரிஸ்வான் நானாவைப் பார்த்து ஓட்டோ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினேன். நெஞ்சைப் பிடித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்து நாக்கையும் கொஞ்சம் வெளியே விட்டேன். ரிஸ்வான் நானா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து பாயைப் பார்க்கத் தொடங்கினார்.

"மாமா ஏலாம விழுந்துட்டார். ஓட்டோ வேணும்" என்று கத்திவிட்டேன்.

பள்ளிக்குள் ஊசி விழுந்தால் கேட்கும். மௌலவி நிறுத்திவிட்டார். பின்வரிசையில் ஒரு வயதானவர், பாவம், அடக்க முடியாமல், "கட்டார் மருமகன்" என்று முணுமுணுத்துத் தன் நன்மையைக் கெடுத்துக்கொண்டார். இரண்டு மூன்று முதுகுகள் சிரிப்பில் குலுங்குவது தெரிந்தது. நான் அழத் தொடங்கினேன். அதையும் யாரும் நம்பவில்லை, ஏனென்றால் என்னுடைய கட்டார்ப் பயணத்துக்கு அவர்கள் ஏற்கெனவே ஒருதரம் அழுது ஏமாந்திருந்தார்கள்.

குத்பா நேரத்தில் பேசக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் மிம்பரில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"அவர் பொய் சொன்னா அந்தக் கணக்கு அவருக்கு" என்றார் மௌலவி. "உண்மையா இருந்து நாங்க போகாட்டி, அது எங்க எல்லாருக்கும். ரிஸ்வான், எழும்பிப் போங்க."

வீட்டுக்குப் போனபோது மாமாவின் தலை ஷிபானாவின் மடியில் கிடந்தது. அவள் ஏதோ பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள். குசினியிலிருந்து சோறு கருகும் மணம் வந்தது. மாமி திரைக்கு வெளியே, என் முகத்துக்கு நேரே நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

ரிஸ்வான் நானா வரிசையில் காய்ந்து எடுத்த பெற்றோலையெல்லாம் அன்று கல்பிட்டி றோட்டில் எரித்தார். மாமா என் தோளில் கிடந்தார். நான் அவர் காதில் கலிமா சொன்னேன். நடுவில், "நீங்க வெண்டுட்டீங்க மாமா, எழும்புங்க" என்றும் சொன்னேன். கலிமாவுக்கு நடுவில் அதைச் சொல்லலாமா என்று இன்றுவரை எந்த மௌலவியிடமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி என் கால்களைப் பார்த்தார். ஒன்றில் என் செருப்பு, மற்றதில் யாருடையதோ. நோவு எப்போது தொடங்கியது என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கை தட்டினேன் என்பதற்குச் சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி நின்றேன்.

மாமா தப்பினார். ஆனால் பிந்தி வந்ததால் இதயத்தில் ஒரு பகுதி இனி வேலை செய்யாது என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு பிந்தினோம் என்று அவர் கேட்கவில்லை. வார்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மாமா கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார்.

"மருமகன்."

"ஓம் மாமா."

"அந்தப் படத்துல கடைசியா விழுந்தவன் எழும்பல்ல."

நான் என் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

"மத்தவன் விடியும்வரைக்கும் கை தட்டிக்கிட்டே இருந்தான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நல்ல படம்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆட்டம் இல்லை. மாமா பரணடிக்குப் போவதையும் விட்டுவிட்டார், கதிரையிலேயே பொழுது போனது. மர்மப் படம் மட்டும் பார்த்தோம். "யாரு மருமகன் கொலைகாரன்?" என்று கேட்பார். "தெரியாது மாமா" என்பேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கடைசியில் கொலைகாரன் பிடிபடும்போது, "நான் அப்பவே நெனச்சன்" என்று சந்தோசப்படுவார்.

பகிடி மாத்திரம் போகவில்லை. வீட்டில் யாருக்காவது தலை வலித்தால், "மருமகன் வாரத்துக்கு முந்தி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, வந்தா கை தட்டிடுவார்" என்பார்கள். என் மகள் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் ஷிபானா முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள். பெருநாள் விளையாட்டுப் போட்டியில் ஊரே கை தட்டும். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். நான் தட்டினால் ஓடுகிற பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று ரிஸ்வான் நானா சொல்வார்.

போன மாரியில் மாமா மௌத்தானார். சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போன மாமி எழுப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், டொக்டரையும் கொண்டுவந்தேன். இந்த முறை ஒரு நிமிடம்கூட நான் பிந்தவில்லை. அதனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைப்பதற்கு முன் கடைசியாக முகம் பார்க்கவிட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு விலகினார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். மாமி மறுபடியும் திரைக்குப் பின்னால் போயிருந்தார்.

"மருமகன்" என்றார் உள்ளே இருந்து.

"ஓம் மாமி."

"ஒருக்காக் கை தட்டிப் பாருங்களேன்" என்றார். "உங்கட மாமா எழும்பினாலும் எழும்புவார்."

உள்ளே ஷிபானா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகப் போனது. பிறகு பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் அவசரப்படுத்தும்வரைக்கும் நின்றேன். மாமா எழும்பவில்லை.